கதவு சொன்ன பெயர்

"அம்மா, நறுமுகை வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவு தானே திறந்துகொண்டது. தொடும் விரலின் ரத்தத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் கதவு அது. நறுமுகை சாலை விபத்தில் இறந்த பிறகும் தமயந்தி மகளின் பெயரை அதிலிருந்து நீக்கவில்லை.

வாசலில் தண்ணீர் ஃபில்டர் மாற்ற வந்த இளைஞன் திருதிருவென விழித்தான்.

"நான் சும்மாதாம்மா தொட்டேன். சின்ன வயசுல எனக்கு ரத்தப் புற்றுநோய். பொது வங்கியிலேர்ந்து யாரோ குழந்தையோட தொப்புள்கொடி ரத்தம் ஏத்துனாங்க. ஆஸ்பத்திரில சோதிச்சாக்கூட என் ரத்தம் வேற ஆளோடதுன்னுதான் காட்டும்."

"தனியார் வங்கில வச்சா நம்ம புள்ளைக்கே இருக்கும்" என்று நறுமுகை பிறந்தபோது கணவர் கெஞ்சினார். தமயந்திதான் தொப்புள்கொடி ரத்தத்தைப் பொது வங்கிக்குக் கொடுத்தாள். விபத்தில் போனவளை எந்த ரத்தமும் மீட்டிருக்காது. ஆனாலும் "ஊருக்குத் தூக்கிக் கொடுத்துட்டியே" என்று சொல்லிச் சொல்லியே அவர் பிரிந்துபோனார்.

"கதவு ஆளை மாத்திச் சொல்லுது போல. சரிபண்ணித் தரட்டுமாம்மா?"

"வேண்டாம்ப்பா. வெளிய போய் இன்னொரு தடவ தொடு."

அவன் வெளியே போனதும் கதவைச் சாத்தினாள். மகள் வரும் நேரத்தில் வழக்கமாக நிற்கும் அடுப்படிக்குப் போய்க் காத்திருந்தாள்.