இரண்டு பெட்டியிலும் ஒரே பாட்டு

"பிழை செற்றில இல்லை அக்கா, உங்கட காதிலதான்!"

சொல்லிவிட்டுக் கடைக்காரன் விதுசன் தன் பகிடிக்குத் தானே சிரித்தான்.

"என்ர காதைப் பற்றி எனக்குத் தெரியும். நீங்கள் செற்றைப் பற்றிக் கதையுங்கோ" என்றாள் ஞானேஸ்வரி.

தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சி வரை பஸ்ஸில் மடியில் சுமந்து வந்த பாட்டுச் செற்றை மேசையில் வைத்தாள். போன கிழமை இதே கடையில் மகளுக்காக வாங்கியது. ஒலியைக் கூட்டும் ஒரு அம்ப், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. மகள் வயலின் பழகுகிறாள். நல்லாகப் பதிந்த கச்சேரிகளைக் கேட்டுப் பழகும்படி அவளுடைய ரீச்சர் சொல்லியிருந்தார். 'பிழையென்றால் ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும்' என்று கடைச் சுவரில் எழுதியிருந்தது. இன்று ஏழாவது நாள். இன்றைக்கு விட்டால் அந்தப் பழுதுச் சாமான் மகளின் தலையில்தான்.

"என்ன பிழையாம், தங்கச்சி?" என்று அவளுக்கு இடப்பக்கக் கதிரையில் இருந்த றவூப் கேட்டார். முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருப்பவர். அதே மொடல் வாங்க வந்து காத்திருந்தார். ஞானேஸ்வரி திரும்பியும் பார்க்கவில்லை. இன்னொரு தரம் கேட்டார். அதற்கும் பதில் இல்லை. சரியான கெப்பரும் தலைக்கனமும் பிடிச்ச மனிசி என்று நினைத்துக்கொண்டார்.

விதுசன் வயர்களைக் கொழுவிச் செற்றைப் பூட்டினான். யார் வந்தாலும் அவன் போட்டுக் காட்டுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. அதைத்தான் போட்டான். இடி இடித்தது. கண்ணாடி அலுமாரி கிடுகிடுத்தது. றவூப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களோ? இதில என்ன குறை?"

"இந்தப் பாட்டுக்குத் தகரப்பேணியும் நல்லாத்தான் அதிரும். முதல் அதை நிப்பாட்டுங்கோ தம்பி."

ஞானேஸ்வரி கைப்பையிலிருந்து ஒரு பென்ட்ரைவை எடுத்தாள்.

"இதைப் போடுங்கோ. மூண்டு நாளா ஹெட்செற்றை மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டுத் தெரிஞ்செடுத்தது. வயலினும் மிருதங்கமும் மட்டுந்தான். என்ன வடிவாப் பதிஞ்சிருக்கிறாங்கள்! இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். ஒண்டு மற்றதின்ர வளவுக்குள்ள காலே வைக்காது."

வேண்டாவெறுப்பாகப் போட்டுவிட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவில் கை கட்டிக்கொண்டு நின்றான் விதுசன்.

"வயலினும் கேக்குது, மிருதங்கமும் கேக்குது. பிறகென்ன?"

"நடுவில நிண்டால் அப்பிடித்தான் கேக்கும். கிட்ட வாங்கோ. ஒரு காதைப் பெட்டியில வையுங்கோ. மற்றக் காதை இறுக்கிப் பொத்துங்கோ."

"உப்பிடி ஆர் அக்கா பாட்டுக் கேக்கிறது?"

"நான் கேக்கிறனான்!"

தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விதுசனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"அக்கா, சமையல், குசினி வேலையெண்டால் நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன். சவுண்ட் எங்கட தொழில். கொண்டு போங்கோ."

"மாத்தித் தராமல் நான் அசையமாட்டன். கடையைப் பூட்டுறதெண்டால் என்னையும் உள்ளுக்க வைச்சுப் பூட்டுங்கோ" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டாள்.

இதென்னடா வில்லங்கம் என்று றவூப் எழுந்தார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு முதலாவது பெட்டியில் மற்றக் காதை வைத்தார். பிறகு அடுத்ததில் வைத்தார். அவர் முகம் மாறியது. ஞானேஸ்வரியின் வலப்பக்கம் வந்து நின்றார்.

"தங்கச்சி, ரெண்டிலயும் ஒண்டுதானே வருகுது! வயலினும் மிருதங்கமும் கலந்தல்லோ கேக்குது!"

"அதைத்தான் நானும் சொல்லுறன், நானா!" 'நானா' என்று அண்ணன் முறை சொன்ன அவள் முகமெல்லாம் இப்போது சிரிப்பு. "அலுமாரிக்குப் பக்கத்தில இருக்கிற அந்தப் பெரிய செற்றில இதையே போடச் சொல்லுங்கோ."

போட்டார்கள். ஒரு பெட்டியில் வயலின் மட்டும். மற்றதில் மிருதங்கம் மட்டும். விதுசனும் வேறு வழியில்லாமல் காதைப் பொத்திக்கொண்டு பெட்டி பெட்டியாகக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவனுக்கு வியர்த்திருந்தது.

"உள்ளுக்க ரெண்டு பக்கத்தையும் ஒண்டாக்கிப்போட்டு, வெளியில ஸ்டீரியோ எண்டு எழுதி அனுப்பியிருக்கிறாங்கள்" என்று முனகினான்.

"எனக்கு வேற மொடல் காட்டுங்கோ" என்றார் றவூப்.

விதுசன் வேறு ஒரு செற்றை எடுத்து, அவளுடைய பாட்டைப் போட்டு, இரண்டு பெட்டியிலும் அவளையே காது வைத்துப் பார்க்கச் சொன்னான். அவள் தலையாட்டியதும் அதைப் பொதியாகக் கட்டத் தொடங்கினான். ஆனாலும் அவனுக்கு மனம் ஆறவில்லை.

"இந்த மொடல் நாப்பது வித்தனான் அக்கா. ஒருத்தரும் திரும்பி வரேல்லை. உங்களுக்கு மட்டும் எப்பிடிப் பிடிபட்டது?"

"அவையளுக்கு ரெண்டு காதும் கேக்கும். நடுவில இருந்து கேட்டிருப்பினம்."

ஞானேஸ்வரி இடப்பக்கத் தலைமயிரை ஒதுக்கிக் காட்டினாள். காது மடலில் பாதி இல்லை.

"சண்டைக் காலத்தில, உடையார்கட்டில செல் விழுந்து வெடிக்கேக்க போனது. இந்தப் பக்கம் ஒண்டும் கேக்காது. எதெண்டாலும் நான் ஒவ்வொரு பெட்டியாப் போய்த்தான் கேக்கவேணும்."

தான் இரண்டு தரம் கேள்வி கேட்ட பக்கம் எதுவென்று றவூப்புக்கு அப்போதுதான் விளங்கியது. "அல்லாஹ்வே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

விதுசன் கட்டுவதை நிறுத்தினான். "அப்ப... ஒரு காதுக்கு ஒரு பெட்டி போதுமே அக்கா. ரெண்டும் சரியா இருக்கோணும் எண்டு ஏன் இவ்வளவு சண்டை?"

ஞானேஸ்வரி புதிய செற்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்டு காணும் தம்பி. என்ர மகளுக்கு ரெண்டு காதும் கேக்கும்."