தெற்கே பதினைந்து மைல்

“அவங்க சொன்ன இடத்துல ஒரு பலகைகூட மிதக்கல,” என்றார் கேப்டன், தொலைநோக்கியை இறக்கியபடி.

மத்தியானம் வந்த ரேடியோ செய்தி இவ்வளவுதான்: “சரக்குக் கப்பல் மூழ்குகிறது, எல்லோரும் படகில் இறங்குகிறோம். கணக்கு அட்டவணைகள் நனைந்து கூழாகிவிட்டன. ஸ்லைடு ரூல் என்ற கணக்குக் கோலை நகர்த்தி, அதன் கோடுகளைக் கண்ணால் படித்துப் போட்ட கணக்கில் எங்கள் இடம் இது.” அதன் பிறகு ரேடியோ ஊமையாகிவிட்டது.

“காத்து தள்ளுற பக்கமும் பாத்தாச்சு. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு,” என்றார் சுக்கான் பிடித்திருந்த மாலுமி.

இரண்டாம் அதிகாரி வரைபடத்திலிருந்து நிமிரவில்லை. “தெற்கே போகலாம் கேப்டன். பதினஞ்சு மைல்.”

“ஸ்லைடு ரூல்ல மூணு இலக்கம்தான் நம்பலாம். அதுக்கு மேல கண் மதிப்பு. தப்பு எந்தப் பக்கமும் இருக்கலாமே? தெற்குன்னு எப்படிச் சொல்றீங்க?”

“வேற யாரா இருந்தாலும் ஒரு தடவை கூட்டிப் படிப்பாங்க, ஒரு தடவை குறைச்சுப் படிப்பாங்க. ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடும். அந்தக் கப்பல்ல கணக்குப் போடறவருக்குக் கிட்டத்துல இருக்கற எழுத்து மங்கல். ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா, பெரிய எண்ணைத்தான் எடுப்பார். தப்பெல்லாம் ஒரே பக்கமாச் சேர்ந்து, அட்சரேகை கூடி, இடத்தை வடக்கே தள்ளியிருக்கும்.”

“ஆளைத் தெரியுமா?”

“ஒரே மேசையில கணக்குப் போட்டிருக்கோம்.”

“இப்பக் கண்ணாடி வாங்கியிருந்தா?”

பென்சில் நின்றது. “வாங்கியிருக்க மாட்டார். பிடிவாதக்காரர்.”

கேப்டன் வானத்தைப் பார்த்தார். சூரியன் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. “தப்பாப் போனா திரும்பி வந்து தேட வெளிச்சம் இருக்காது. அத்தனை உயிரும் நம்ம தலையில.”

“தெரியும்.” குரல் உடைந்ததைக் கேப்டன் கவனித்தார்.

“தெற்கே திருப்பு,” என்றார் மாலுமியிடம்.

வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்த நேரத்தில் மாலுமிதான் முதலில் பார்த்தார். அலை மேட்டில் ஒரு கரும்புள்ளி. அதில் ஒரு சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

ஏணியில் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். ஒருவர் தளத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதார். கணக்குப் போட்டவர் கடைசியாக வந்தார். உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இரண்டாம் அதிகாரி அவர் தோளில் போர்வையைச் சுற்றினார்.

“நீங்க பிழைச்சதுக்கு இவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்,” என்றார் கேப்டன். “உங்க கணக்குல தப்பு கண்டுபிடிச்சதே இவங்கதான்.”

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போர்வை சுற்றிய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“கட்டின பொண்டாட்டியே எப்பப் பாரு என் கணக்குல தப்பு கண்டுபிடிக்கிறாளேன்னு கோவிச்சுக்கிட்டுத்தான், கேப்டன், இவளை விட்டுட்டு நான் வேற கப்பல் ஏறினேன்.”