மான் ஈரல்

ஆலங்காயம் காட்டோரக் குளக்கரையில், லாரியில் அடிபட்ட புள்ளிமானின் ஈரலைச் சாக்கின் மேல் வைத்து அறுக்கிறார் கால்நடை டாக்டர் ஜெயகரன். காலை வெயிலில் அது ஈரமாக மின்னுகிறது. கொட்டைப்பாக்கு அளவு முடிச்சு ஒன்றில் கத்தி தடைபட்டு நிற்கிறது. அழுத்திப் பிளக்கிறார். உள்ளே இலை போன்ற தட்டைப்புழுக்கள் இரண்டு, மெல்ல நெளிகின்றன. "இதான்மா. வெளிநாட்டுல இருந்து சீமைக் கிடாவோட எப்பவோ வந்த பூச்சி. உங்க ஆட்டைக் கொன்னதும் இதான்." அன்வரி பேகம் குனிந்து பார்க்கிறாள். இந்த வருஷம் செத்த அவளுடைய ஒன்பது ஆடுகளின் தோலும் வாணியம்பாடித் தோல் ஆலைக்குப் போய்விட்டது. மிஞ்சிய பத்தாவது ஆடு அவள் கைக்கயிற்றில் நிற்கிறது. "மான் மட்டும் எப்படி சாவலை?" "புழுவைச் சுத்தி சுவர் கட்டிக்கிது. போன வாரம் ஒரு காட்டுப்பன்னியை அறுத்தேன். ஈரலே கல்லு மாதிரி இருக்குது, புழு உள்ளயே செத்துக் கெடக்குது. மானு, பன்னி ரெண்டும் புழுவோட பழகிக்கிச்சி. ஆட்டுக்குத்தான் இன்னும் தெரியலை." பன்றிப் பேச்சுக்கு முகம் சுளிப்பவள், இன்று அசையவில்லை. ஈ ஒன்று ஈரலில் உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்காருகிறது. "எத்தினி மான் செத்த பொறகு டாக்டர், அதுக்குத் தெரிஞ்சிது?" ஜெயகரன் கத்தியைச் சாக்கில் துடைக்கிறார். "காட்டுல செத்ததை யாரும்மா எண்ணுனாங்க?" பிறகு, "குளத்தோரம் மட்டும் மேய விடாதீங்க. நத்தையில இருந்து புல்லுக்கு வருது, புல்லுல இருந்து ஆட்டுக்கு" என்கிறார். அவள் தலையசைக்கிறாள். இந்தக் கோடையில் பச்சை இருப்பது அங்கே மட்டும்தான். ஆடு நீர் விளிம்புக்கு இறங்கிப் புல்லில் வாய் வைக்கிறது. கயிறு அவள் கையில்தான் இருக்கிறது. அவள் இழுக்கவில்லை.