நேராகச் சொல்லுங்கள்

கோர்ட் உத்தரவுப்படி எங்கள் ஹாலில் குடும்ப ஆலோசனைப் பெட்டியை மாட்டினார்கள். அன்றிலிருந்து அம்மாவும் அப்பாவும் என் மூலம் பேசிக்கொள்ளக் கூடாது. பேசினால், "குழந்தையை விடுங்கள், நேராகச் சொல்லுங்கள்" என்று பெட்டி அலறி என் குரலை அமுக்கிவிடும்.

ஐந்து வருடமாக நான்தான் தூது. "வந்து கொட்டிக்கச் சொல்லு" என்று சமையலறையிலிருந்து அம்மா அனுப்புவதை, "சாப்பிட வாங்கப்பா" என்று மாற்றித்தான் அப்பாவின் அறைக்குக் கொண்டுபோவேன். "அவ சமைச்சத நாய் திங்குமா?" என்பார் அப்பா. "அப்புறமா சாப்பிடுறாராம்மா" என்பேன்.

இன்று இருவரும் நேராகப் பேசினார்கள். ஐந்தே நிமிடம். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுடி."

இந்த முறை ஒரு சொல்லைக்கூட நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அப்படியே கத்தினேன்.

பெட்டி அலறியது.