காலணாவுக்குப் பச்சரிசி

"நல்லெண்ணெய் என்ன வெலைங்கய்யா?"

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம். புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ரத்தினவேலின் மளிகைக் கடை முன்னால் கூட்டம் முண்டியடித்தது. கையில் கொட்டாங்கச்சியும் கக்கத்தில் புது வெள்ளைத் துண்டுமாக அதற்குள் நுழைந்து நின்றாள் செவந்தி.

"அரை ஒழக்கு ரெண்டணா. ஊத்தவா?"

"சீயக்கா?"

"பொட்டலம் ஓரணா."

செவந்தி முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்த ஒரே வெண்கலக் கும்பாவை விற்றுத் துண்டு வாங்கியதுபோக அதில் மூன்று அணாதான் மிச்சம். எண்ணெய்க்கும் சீயக்காய்க்குமே அது சரியாகப் போய்விடும்.

"பச்சரிசியும் வேணுமேங்க. செத்த கொறைச்சுப் போடுங்கய்யா. கண்ட்ரோல் வெலைன்னு சொல்றாங்களே..."

"கண்ட்ரோல் வெலையெல்லாம் அந்தப் பலகையில எழுதி வைக்கத்தான். ஒலகமே சண்டையில கெடக்கு, ஒனக்குக் கொறைச்சுக் குடுக்கணுமா? வாங்குனா வாங்கு, இல்லைன்னா அங்கிட்டு நகரு."

அவள் நகர்ந்தாள். எதிர்ச்சாரியில் ஆத்மநாதனின் கடை. அங்கே எண்ணெய் ஒன்றே முக்கால் அணா. ஆனால் சீயக்காய் ஒன்றரை அணா.

நடுத்தெருவில் நின்று உதடுகளை அசைத்துக் கணக்குப் பார்த்தாள். எண்ணெயை இங்கே வாங்கி, சீயக்காயை அங்கே வாங்கினால் காலணா மிஞ்சும். கற்பூரம் வாங்க முடியாது. போகட்டும், அரிசிக்கு ஆகும்.

ஆத்மநாதனிடம் எண்ணெயை வாங்கிக்கொண்டு, கொட்டாங்கச்சியை உள்ளங்கையால் மூடியபடி, ஜட்கா வண்டிகளுக்கு நடுவே புகுந்து மறுபடியும் ரத்தினவேலின் கடைக்கு வந்தாள்.

"பாத்தீங்களா இவளை!" ரத்தினவேல் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "எண்ணெய அங்கிட்டு வாங்கிட்டு சீயக்காய்க்கு இங்கிட்டு வாரா. காலணாவுக்குக் கடை கடையா ஏறி எறங்குறா. இவ மிச்சம் பிடிக்கிற காசுல அரமனையே கட்டலாம் போலிருக்கே!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செவந்தி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீயக்காய்ப் பொட்டலத்தைத் துண்டுக்குள் செருகிக்கொண்டு, "காலணாவுக்குப் பச்சரிசி குடுங்கய்யா" என்றாள்.

"காலணாவுக்கு அளக்குற படியை இன்னும் செய்யலத்தா. போ, போ!"

அடுத்த கடையிலும் அதே பதில். அதற்கடுத்த கடைக்காரர் கையை வீசி விரட்டினார். வெயில் கடைகளின் மேல் தாழ்வாரத்துக்கு ஏறிவிட்டது. அதை அண்ணாந்து பார்த்தாள். ஏறக்குறைய ஓடியே ஆத்மநாதனின் கடைக்குத் திரும்பி வந்தாள்.

"என்னத்தா, மறுபடியும் வெலை கேக்க வந்தியா?"

செவந்தி காலணாவைப் பலகைமேல் வைத்தாள்.

"வெலை கேக்கலைங்கய்யா. இதுக்கு எம்புட்டு வருமோ அம்புட்டுப் பச்சரிசி குடுங்க. ஒரு பிடி வந்தாலும் போதும்."

"ஒரு பிடியில என்னத்தப் பலகாரம் சுடுவே? நொய்யரிசி வாங்கிக்க, கூடக் கொஞ்சம் வரும். கஞ்சியாவது காய்ச்சலாம்."

"பச்சரிசிதாங்க வேணும்."

"அப்ப ராத்திரி வா. கூட்டம் கொறைஞ்சிரும், மிச்சம் மீதியச் சல்லிசாத் தாரேன். விடியக்காலந்தானே எண்ணெ தேச்சு முழுகப் போறீக?"

"இல்லைங்கய்யா. பொழுது சாயறதுக்குள்ள ஆகணும்."

ஆத்மநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்குவரை வழிந்திருந்தது. காலில் செம்மண் அப்பியிருந்தது.

"ஒம் புருசன் எங்கே? அவனை அனுப்பக் கூடாதா, இப்படி நீ அலையறே?"

"அவரு படுத்திருக்காருங்க. கூட வேலை பாக்குற முனியாயியைப் பக்கத்துல ஒக்கார வச்சுட்டு வந்திருக்கேன். கந்தர்வகோட்டைப் பக்கமிருந்து ரோட்டு வேலைக்கு வந்தவங்கய்யா நாங்க. இந்த ஊர்ல எங்களுக்கு வேற நாதியில்ல..."

முந்தானையை விரித்து நீட்டியபடி நின்றாள்.

ஆத்மநாதன் படியைத் தேடவில்லை. மூட்டைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, அள்ளிய பச்சரிசியை அவள் முந்தானையில் கொட்டினார். காலணாவை எடுத்துக் கல்லாவில் போட அவருக்கு மனம் வரவில்லை. அவள் பக்கமே தள்ளிவிட்டார். செவந்தி அரிசியைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கை கூப்ப முடியாமல் தலையை மட்டும் தாழ்த்தினாள்.

"இருத்தா, போயிராதே."

பானைக்குள்ளிருந்து ஓர் அச்சு வெல்லத்தை எடுத்து நீட்டினார் ஆத்மநாதன்.

"சீக்காளிக்கு நாக்கு செத்துக் கெடக்கும். நல்ல நாளும் அதுவுமா, இதைப் போட்டு அவனுக்கு ரெண்டு அதிரசம் சுட்டுக் குடு."

செவந்தி வெல்லத்தைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"வெல்லம் வேணாங்கய்யா. இது வாய்க்கரிசிக்கு."