முகூர்த்த நாள் வாடகை

“அடுத்த வாரம் முகூர்த்த நாளுங்க! பூந்தமல்லில ஒரு மண்டபம், லாட்ஜ் காலி இல்ல. நம்ம மாடி ஊட்ட ரெண்டு நாளைக்கு டபுள் வாடகைக்கு வுடுங்க!” குதித்தாள் கோமளா.

“எவன் வருவான்?” என்றபடியே வீட்டு வாடகை ஆப்பில் விளம்பரம் ஏற்றினான் கணவன் கௌதம். பத்தே நிமிடத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டி புக் செய்துவிட்டது.

கோமளாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“அன்னிக்கு நாம எங்கடி படுக்கிறது?”

“கீழ்வூட்ல உங்கம்மாகூடதான். இப்பவே மூச்சு வுடாதீங்க, பங்கு கேப்பாங்க. பொட்டியோட போய் நின்னா வாணாம்னா சொல்வாங்க?”

முகூர்த்தத்துக்கு முந்தின நாள், பெட்டியோடு படி இறங்கினாள் கோமளா. பாய், தலையணையோடு மூச்சிரைக்க ஏறிவந்தார் மாமியார்.

“கோமு, கீழ்வூட்ட மூணு மடங்குக்கு வுட்டுட்டேன்! ரெண்டு நாளைக்கு உங்ககூடதான்!”