அறுபதுக்கு மேல போகாது

“காக்கா, அந்தக் காரை ஓடாம ஆக்கிப்போடுங்க!”

காருக்கு அடியில் படுத்திருந்த அபூசாலி தலையை வெளியே நீட்டினார். கல்முனையில், வீட்டோடு சேர்ந்த அந்தச் சின்னக் கராஜின் வாசலில், அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் ஒன்றுவிட்ட தங்கச்சி சுபைறா நின்றாள். ஏழு மாத வயிறு. அழுதழுது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“என்ன புள்ள, புருசன்ட காரை உடைக்கச் சொல்லுறா?”

“உடைக்க வேணா. மெதுவா ஓடுற மாதிரி ஏதாச்சும் செய்ங்க. வாற ஞாயிறு ரேஸாம், கொழும்புப் பொடியன்மாரோட! ‘கப் இல்லாம ஊருக்குள்ள கால் வைக்க மாட்டன்’ எண்டு கடைத்தெரு முழுக்கப் பீத்திக்கொண்டு திரியிறார். இந்தப் புள்ள வாப்பாட முகத்தைப் பாக்க வேணாமா, காக்கா?”

சுபைறாவின் புருசன் மசூர் ஜவுளிக்கடைக்காரன். வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப் போன எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய நாளிலிருந்து அவன் கால் தரையில் இல்லை. கூரையில்லாமல், மழை வந்தால் குடை பிடிக்க வேண்டிய காருக்கு இவ்வளவு பெருமையா என்று ஊரே சிரித்தது. அது ஓடும்போது அதே ஊர்தான் வாசலுக்கு வந்து வாயைப் பிளந்து பார்த்தது.

“நேத்துப் பின்னேரம் அவனும் இஞ்ச வந்து காரை விட்டுட்டுத்தான் போனான்” என்றார் அபூசாலி.

“என்ன சொன்னார்?”

“அது ஆம்புளையள்ற கதை. நீ அழாத.”

சாக்கின் மேல் எடுத்து வைத்திருந்த பற்சக்கரப் பெட்டியை அவர் காலால் தட்டினார்.

“இது டிப்ரன்சல். பின் சில்லு ரெண்டையும் சுத்த வைக்கிற சாமான். பழைய மொறிஸ் மைனர் கார்ல கழட்டினது. நெல்லு மூட்டை இழுக்கத்தான் நல்லம். இதைப் போட்டா எஞ்சின் கத்துற கத்துக்கு ஊரே அதிரும், ஆனா கார் அறுபதுக்கு மேல போகாது. மத்தவனுகள் எண்பதில பறந்து போயிருவானுகள்.”

“மெய்யாவா காக்கா?”

“அல்லா அறியச் சொல்லுறன்.”

சுபைறா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மறுநாள் அபூசாலி அதை மசூரின் காரில் மாட்டி, அக்கரைப்பற்று ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். இ.போ.ச. பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி முந்திக்கொண்டு போனது. அவருக்குப் பரம திருப்தி.

திங்கட்கிழமை காலையில் சுபைறா வேகமாக வந்தாள். பளபளவென்று ஒரு வெள்ளிக் கப்பை மேசையில் ‘டங்’கென்று வைத்தாள்.

“இதென்ன காக்கா? முதலாமிடமாம்!”

“யா அல்லாஹ்! எந்த ரோட்டில புள்ள ரேஸ் வெச்சானுகள்?”

“ரோடா? மலையில! அடிவாரத்தில இருந்து உச்சிக்கு ஏறுற ரேஸ்! மத்தக் காரெல்லாம் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்க, இவர்ர கார் இழுத்துக்கொண்டு போயிட்டாம்!”

அபூசாலி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏத்தமா? மூட்டை இழுக்கிற சாமான் ஏத்தத்திலதானே பறக்கும்! நம்மட பக்கம் ஏத்தம் எண்டா வாய்க்கால் பாலம் ஒண்டுதானே புள்ள! ரேஸ் எண்டா நேர் ரோட்டில எண்டுதானே நான் நினைச்சன்!”

“அடுத்த மாசம் இதைவிடப் பெரிய மலைக்கு வரட்டாம்!” என்றவள் ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள். “ஐயோ, அவர் வாறார்! நான் வந்ததைச் சொல்லிப்போடாதீங்க.”

அவள் கப்பையும் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிவதற்கும் மசூர் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது. கழுத்தில் வெற்றி மாலை இன்னும் வாடாமல் கிடந்தது. முகம்தான் வெளிறிப் போயிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அபூசாலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன மச்சான் இப்படிச் செஞ்சிட்டீங்க? ‘வாய் தவறிப் பீத்திட்டன், பயத்தில உசிரே போகுது, எப்படியாச்சும் தோத்துப் போற மாதிரி ஒரு சாமானைப் போட்டுத் தாங்க’ எண்டு அண்டைக்கு எவ்வளவு கெஞ்சினன்!”